சத்தம் நின்றபோது விழித்தவள்

குடியாத்தம்
13.12.2023

ஈரப்புடவை அக்காவுக்கு,

உங்கள் பெயர் தேவிகா என்பது இதோடு வைத்திருக்கும் கார்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. விரிஞ்சிபுரம் கோயிலில் சனிக்கிழமை ராத்திரி உங்கள் இடது பக்கம் படுத்திருந்தவள் நான். பெயர் மோகனா. இருட்டோடு கிளம்பும்போது உங்கள் மஞ்சள் பையை என்னுடையது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் ஒரு துண்டு, ஒரு சீப்பு, உங்கள் ஷூ கம்பெனி கார்டு. கார்டு இல்லாமல் கேட்டில் விட மாட்டார்களாமே? அதனால் அதை மட்டும் உடனே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். துண்டு பிறகு வரும். கார்டில் விலாசம் இருக்கிறது, போன் நம்பர் இல்லை. இருந்திருந்தாலும் எங்கள் தறிச் சத்தத்தில் நான் கத்துவது உங்கள் காதில் விழுந்திருக்காது.

கார்டு விஷயம் முடிந்தது. இனி சண்டை.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. முந்தின ராத்திரி குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிராகாரத்தில் படுத்து, கனவில் சாமி பூவோ பழமோ கொடுத்தால் வயிறு திறக்கும் என்று நம்பித்தானே நீங்களும் நானும் அந்தக் குளிரில் நடுங்கினோம்? நான் வந்தது மூன்றாவது வருஷம். போன இரண்டு வருஷமும் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. காரணம், நான் விசைத்தறி வீட்டுக்காரி. பிறந்த வீட்டிலும் லுங்கித் தறி, வாழ வந்த வீட்டிலும் லுங்கித் தறி. தடக் தடக்கென்று அது ஓடினால்தான் எனக்குக் கண் மூடும். கரண்ட் போய்த் தறி நின்றால் வீடே எழுந்து உட்காரும்.

கோயில் அமைதியில் முழித்துக்கொண்டு கிடந்தேன். அப்போது நீங்கள் குறட்டை விட ஆரம்பித்தீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. எங்கள் வீட்டு மூன்றாம் நம்பர் தறி மாதிரியே. உடனே தூங்கிவிட்டேன்.

அவர் வந்தார், அக்கா. கிழவராக, வெள்ளை வேட்டியில், கையில் தாம்பாளத்தோடு. அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போனேன். உங்கள் குறட்டை நின்றது. எனக்கு விழிப்பு வந்துவிட்டது. மறுபடி ஓடியது, மறுபடி தூங்கினேன், மறுபடி அவர் தூரத்தில் வந்தார், மறுபடி நின்றது. விடியும்வரை இதே கதை.

நாலைந்து தடவைக்குப் பிறகு கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. உங்கள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். வயிறு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் வரவில்லை. செத்துப்போய்விட்டீர்கள் என்றே நினைத்தேன். எழுப்பலாம் என்று தோளைத் தொடும்போது ஹக்கென்று இழுத்தீர்கள், திரும்பிப் படுத்தீர்கள், கண்ணைத் திறக்கவே இல்லை.

என் பழத்தைக் கெடுத்தது நீங்கள்தான் என்று திட்ட வேண்டும். நல்ல டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் எழுதிவிட்டேன்.

மோகனா


ஆம்பூர்
21.12.2023

மோகனா அவர்களுக்கு,

கார்டு வந்து சேர்ந்தது. ரொம்ப நன்றி. அது வரும்வரை தினமும் கேட்டில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். உங்கள் பையில் இருந்த எலுமிச்சை சாதத்தை என் மாமியார் சாப்பிட்டுவிட்டார். உப்பு கம்மி என்றார்.

நான் குறட்டை விடுவதில்லை. அது குண்டாக இருக்கிற ஆம்பளைகள் செய்வது. நீங்கள் இருட்டில் வேறு யாரையோ கேட்டிருப்பீர்கள். என் வீட்டுக்காரர் நாகேந்திரன் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் தோல் பதனிடும் ஷெட்டில் டிரம் ஓட்டுகிறார், எப்போதும் நைட் டூட்டி. நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார்.

எனக்கு இருப்பது தூக்கம் இல்லாத வியாதி. ராத்திரி பல தடவை எழுந்து பாத்ரூம் போவேன். காலையில் தலையை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருக்கும். வாய் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். டவுன் கிளினிக்கில் முதலில் ரத்தம் கம்மி என்றார்கள், அப்புறம் தைராய்டு என்றார்கள், கடைசியில் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கோயிலில் எப்படியாவது கனவு வரட்டும் என்று அதையே இரண்டாகப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

கனவு வந்தது. யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை, முகம் தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன். பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பழுப்பு நிறத்தில் மெதுவாக, சத்தமே இல்லாமல் போகிறது. வெதுவெதுப்பாக இருக்கிறது. நான் நடுவில் நிற்கிறேன். முழங்கால், இடுப்பு, கழுத்து, வாய். அண்ணாந்து பார்த்தால் தண்ணீருக்கு மேலே மஞ்சளாக வெளிச்சம் ஆடுகிறது. அதைத் தொட வேண்டும், தொட்டால் மூச்சு கிடைக்கும், கை மட்டும் வராது. இது எனக்குப் புதிதில்லை. ஏழெட்டு மாதமாகத் தினமும் இதே ஆறுதான். சாமி சந்நிதியிலும் அதுவே வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமியாரிடம் ஆறு வந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் வாயில் பழம் என்பது பயம் என்றுதான் வரும். "பயம் குடுக்கல, தண்ணி காட்டிட்டாருன்னா வேணாம்னு சொல்றாருடி. கெங்கம்மா உன்ன கூப்படறா" என்று அழுதார். செவ்வாயும் வெள்ளியும் பட்டினி இருந்து ஆற்றுத் தெய்வமான கெங்கம்மாவுக்கு விளக்குப் போடச் சொல்லியிருக்கிறார். பட்டினியோடு மெஷினில் உட்கார்ந்தால் ஷூ மேல்தோல் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து

மன்னியுங்கள். கண் செருகிவிட்டது. பேனா கீழே வரை கோடு இழுத்திருக்கிறது. வேறு தாள் இல்லை, அப்படியே அனுப்புகிறேன்.

தேவிகா


குடியாத்தம்
28.12.2023

தேவிகா அக்காவுக்கு,

உப்பு கம்மி என்று சொன்ன மாமியாருக்கு என் வணக்கம். நானும் அதைத்தான் என் மாமியாரிடம் சொன்னேன், சமைத்தது அவர்கள்.

உங்கள் கடிதத்தில் கோடு இழுத்த இடத்தை என் வீட்டுக்காரர் பரணிதரனிடம் காட்டினேன். "இன்னாம்மே இது, பட்டப்பகல்ல எழுதிக்கினே தூங்கறாங்க, இவங்களுக்குத் தூக்கம் வராத வியாதியா?" என்றார். ஆம்பளை பேசியதில் அபூர்வமாக ஒரு நியாயம் இருந்ததால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அக்கா, எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. தறி ஓடுவதும் நிற்பதும் மட்டும் தெரியும். நான் கேட்டது உங்கள் சத்தம்தான், உங்கள் மூக்கடியில்தான் விரலை வைத்தேன், உங்கள் மூக்குத்தி என் விரலில் இடித்தது. மூச்சு நின்றுபோனால் யாருக்குத்தான் ஆற்றில் முழுகுகிற கனவு வராது? உங்களைக் கெங்கம்மாவும் கூப்பிடவில்லை, சாமியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் புத்திக்கு அப்படித்தான் படுகிறது.

அந்த மாத்திரையைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். ஹக்கென்று இழுத்துப் பிழைத்துக்கொள்கிறீர்களே, மாத்திரை மயக்கத்தில் ஒரு நாள் இழுக்காமல் போனால்? என் பேச்சை நம்ப வேண்டாம். ஒரே ஒரு ராத்திரி உங்கள் வீட்டுக்காரரை லீவு போட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் காதால் கேட்கட்டும்.

மோகனா


ஆம்பூர்
19.1.2024

மோகனா அவர்களுக்கு,

இனிமேல் எழுத வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் கம்பெனியில் இருந்தேன். மாமியார் கொழுந்தனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழையும்போது கொழுந்தன் குறட்டை விட்டுக் காட்டிக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பயம் கெடைக்காத பொம்பள, நம்ம மேல கண்ணு வச்சி எழுதறா" என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார்.

நாகேந்திரனைத் தனியாகக் கேட்டேன். நான் குறட்டை விடுவேனா என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே வுடுவ. பொம்பளைகிட்ட போயி அத இன்னான்னு சொல்றது" என்றார். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த வெட்கம் வந்திருக்காது. இப்போது ராத்திரி படுக்கவே கூச்சமாக இருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

உங்கள் துண்டு... இல்லை, என் துண்டு உங்களிடமே இருக்கட்டும். அனுப்ப வேண்டாம்.

தேவிகா


குடியாத்தம்
10.2.2024

அக்கா,

இது வெறும் போஸ்ட் கார்டு. போஸ்ட்மேன் படிக்கட்டும், கொழுந்தன் படிக்கட்டும், எனக்கென்ன. பதில் எழுத வேண்டாம்.

மாமியார் அம்மாவுக்கு: கண் வைக்கிறவள் எச்சரிக்கை செய்ய மாட்டாள். உங்கள் மருமகள் மூச்சு ராத்திரியில் நின்று நின்று வருகிறது. நீங்கள் ஒரு ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அக்காவுக்கு: வாயில் துணி வைக்காதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். இந்த ஒரு மாதமாக எங்கள் மூன்றாம் நம்பர் தறி நிற்கும்போதெல்லாம் நான் விரலை நீட்டிக்கொண்டு எழுகிறேன்.

மோகனா


ஆம்பூர்
17.3.2024

அன்புள்ள மோகனா,

இனி உன்னை நீ என்றுதான் எழுதப்போகிறேன். என்னைவிடச் சின்னவள் என்பது உன் கோபத்திலேயே தெரிகிறது.

உன் கார்டு வந்த வாரம் என் விரலில் ஊசி ஏறிவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கியிருக்கிறேன். பக்கத்து மெஷின் சைரா பெல்ட்டை நிறுத்தி என் கையைப் பிடித்து எடுத்தாள். சூப்பர்வைசர் இன்னொரு முறை இப்படி ஆனால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். சைரா கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "நீ மெஷின்ல தூங்கறது எங்க எல்லாருக்கும் தெரியும் தேவிகா. வூட்ல ஜாஸ்தி வேலன்னு நெனச்சி கம்முனு இருந்தோம்" என்றாள். இதற்கும் சேர்த்து அழுதேன்.

அன்றைக்கு நாகேந்திரன் டூட்டிக்குப் போகவில்லை. நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டார். மாத்திரை போடாதே என்றார். நான் எப்போது தூங்கினேன் என்று எனக்குத் தெரியாது. காலையில் எழுந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை, மோகனா. "நீ நிறுத்தறப்ப நானும் மூச்சப் புடிச்சிப் பாத்தேன். என்னால முடியல, வுட்டுட்டேன். நீ அப்பவும் வுடல. கெளம்பு, வேலூர் போலாம்" என்றார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் தூக்கத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே அஃப்ஷா என்று ஒரு டாக்டரம்மா. தலைவலி, அசதி, தூக்கம் இல்லை என்று நான் பழைய பாட்டையே பாடினேன். அவர் கேட்டுவிட்டு, "குறட்டை உண்டா?" என்றார். இத்தனை கிளினிக் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன்.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லம்மா. ஆம்பளைங்கள அவங்க சம்சாரம் இழுத்துக்கிட்டு வருவாங்க, டாக்டர் இவருக்கு மூச்சு நிக்குதுன்னு. பொம்பளைங்க தனியா வருவாங்க, அசதின்னு மட்டும் சொல்லுவாங்க. நாங்களும் தைராய்டு, கவலைன்னு அனுப்பிடுறோம். ஒல்லியா இருந்தாலும் வரும். உங்களுக்கு மூச்சு நிக்குதுன்னு யாரு சொன்னது?"

"கோயில்ல பக்கத்துல படுத்திருந்த பொண்ணு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உன் முதல் கடிதம் என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நம்பர் தறி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். மூக்கடியில் விரல் வைத்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வயிறு ஏறி இறங்கியது, காற்று வரவில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அதற்குக் கீழே அவர் பென்சிலால் கோடு போட்டார்.

ஒரு ராத்திரி அங்கே படுக்க வைத்தார்கள். தலையெல்லாம் ஒயர், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப். இப்படிக் கட்டிப்போட்டால் யாருக்குத் தூக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். காலையில் அவர் கம்ப்யூட்டரில் மலை மலையாக ஒரு கோட்டைக் காட்டினார். தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறதாம். தூங்கும் நேரமெல்லாம் மூச்சு நிற்கத்தான் செய்கிறது, ஆனால் கனவு காண்கிற தூக்கம் ஒன்று இருக்கிறதாம், அதில்தான் எனக்கு ரொம்ப மோசம். பெண்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தானாம். கனவு வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் என் கழுத்தை யாரோ பிடித்திருக்கிறார்கள். தூக்க மாத்திரை அந்தக் கைக்கு இன்னும் பலம் கொடுத்திருக்கிறது. அதை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு சின்ன மெஷின். மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைக்கும். ஈ.எஸ்.ஐ.க்கு எழுதிப் போட்டு இப்போதுதான் வந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, யானைக் கணக்கா தும்பிக்கையோட. இத மாட்டிக்கினு படுத்தா எந்தப் புருசன் கிட்ட வருவான்" என்றார். நாகேந்திரன், "நான் வருவேன்" என்றார், அம்மா எதிரிலேயே. எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை.

நீ சண்டை போட்டாய், நான் வாசலைச் சாத்தினேன், நீ கார்டைக் கதவிடுக்கில் போட்டாய். இதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது.

உன் அக்கா
தேவிகா


குடியாத்தம்
2.4.2024

யானை அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாகேந்திரன் மாமா சொன்ன "நான் வருவேன்" என்பதைப் பரணிதரனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மனுஷன் தறிக்கு எண்ணெய் போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

நான் குறட்டை விடுவதில்லை என்று அன்றைக்கு எழுதினீர்களே, இனிமேல் அது நிஜம்.

என் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்வதில்லை, அதுதான் எனக்கு வலி. நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். சில மத்தியானங்களில் தறிச் சத்தத்தில் கண்ணை மூடினால் அந்தக் கிழவர் தூரத்தில் நிற்பது தெரிகிறது. தாம்பாளத்தில் என்ன இருந்தது, அக்கா? அதை மட்டும் பார்த்துவிட்டால்கூடப் போதும் என்று இருக்கிறது.

மெஷின் சத்தம் போடுமா?

மோகனா


ஆம்பூர்
1.12.2024

அன்புள்ள மோகனா,

மெஷின் சத்தம் போடாது. உஸ்ஸென்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். உனக்கு அது பத்தாது.

ஆரம்பத்தில் ரொம்பப் பேஜார். மூக்கில் தழும்பு விழுந்தது, பாதி ராத்திரியில் பிடுங்கி எறிந்தேன். டாக்டரம்மா வேறு அளவு மாற்றிக் கொடுத்தார். ஆடி மாதம் வாக்கில் ஒரு காலை எழுந்தேன், தலையில் கயிறு இல்லை. ஜன்னலில் வெயில் இருந்தது. வெயில் இவ்வளவு மஞ்சளாக இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். இப்போது பழைய மெஷினில் பழைய இடத்தில் தைக்கிறேன். கோடு இழுக்காமல் இந்தக் கடிதம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பார்த்தாயா?

மாதவிலக்கு இப்போது தேதி தவறாமல் வருகிறது என்று சொல்லிக் குழந்தை விஷயம் கேட்டேன். "மாசாமாசம் ஒழுங்கா வர்றது நல்லதுதான். ஆனா நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. வாக்குக் கொடுக்காத ஒரு ஆளைப் பார்த்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன வாரம் ஆறு மறுபடி வந்தது. அதே பழுப்புத் தண்ணீர், அதே வெதுவெதுப்பு. கழுத்து வரை வந்தது, வாய் வரை வந்தது. நான் பயந்து வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது. தண்ணீருக்கு அடியில் நான் பாட்டுக்கு மூச்சு விடுகிறேன், மோகனா! ஆற்றின் அடியில் மணலில் நடந்தேன். அங்கே ஈரப்புடவைப் பெண்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கூந்தல் எல்லாம் தண்ணீரோடு ஒரே பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஒருத்தி மட்டும் முழித்துக்கொண்டு கிடந்தாள். கிட்டப் போனால் நீ. இருட்டில் பார்த்த முகம்தான், ஆனாலும் தெரிந்தது.

அதனால் ஒரு முடிவு செய்தேன். இந்தக் கடைசி ஞாயிற்றுக்கு நானும் வருகிறேன், ஆனால் படுக்க மாட்டேன். மெஷின் இல்லாமல் தூங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. உன் தலைமாட்டில் தூணில் சாய்ந்து விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். உனக்குச் சத்தம் வேண்டுமே, வாயாலேயே தடக் தடக்கென்று தறி ஓட்டுகிறேன். நிறுத்தவே மாட்டேன். நீ நிம்மதியாகப் போய் அந்தத் தாம்பாளத்தைப் பார். மாமியாரும் வருகிறார். தன் கையால் எலுமிச்சை சாதம் கொண்டுவருகிறாராம், சரியான உப்போடு.

தேவிகா


குடியாத்தம்
18.12.2024

அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? சாதத்தில் உப்பு ஜாஸ்தி. மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

காலையில் நீங்களும் உங்கள் மாமியாரும் என் வீட்டுக்காரரும் சுற்றி நின்றுகொண்டு கனவு வந்ததா என்று கேட்டபோது, வரவில்லை என்றேன். பொய். உங்கள் ஒருத்திக்கு மட்டும் நிஜத்தை எழுதுகிறேன்.

ஈரத்தோடு படுத்ததும் நீங்கள் தறி ஓட்ட ஆரம்பித்தீர்கள். சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சத்தத்துக்குள் எப்போது போனேன் என்று தெரியவில்லை. பிராகாரக் கல்லெல்லாம் லுங்கித் துணி போலக் கட்டம் கட்டமாக ஓடியது. அதன்மேல் அவர் நடந்து வந்தார். இந்தத் தடவை தூரத்தில் நிற்கவில்லை. என் எதிரில் வந்து தாம்பாளத்தைத் தாழ்த்திப் பிடித்தார். மாதுளம்பழம், அக்கா. ஒரே ஒரு பழம், லேசாக வெடித்து உள்ளே சிவப்பு தெரிந்தது. "எடுத்துக்கம்மா" என்றார். கையை நீட்டினேன்.

சத்தம் நின்றது.

போன வருஷம் சத்தம் நின்றால் எனக்குத் தானாக விழிப்பு வந்தது. இந்த வருஷம் வரவில்லை. கனவுக்குள்ளேயே நின்றுகொண்டு, நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பழம் விரலுக்கு அவ்வளவு கிட்ட இருந்தது. எடுத்துக்கொண்டு அப்புறம் எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், உங்களிடம் மறைப்பானேன். கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். விரல் உங்கள் மூக்குத்தியில் இடித்தது போல இருந்தது.

நானாகத்தான் எழுந்தேன், அக்கா. யாரும் எழுப்பவில்லை. நீங்கள் தூணில் சாய்ந்து, தாடை நெஞ்சில் விழுந்து, வாய் திறந்தபடி. வயிறு ஏறி இறங்குகிறது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஹக்கென்று இழுத்துவிட்டு நீங்கள் சொன்னீர்களே, "நான் எங்க தூங்கினேன், சும்மா கண்ண மூடிக்கினு இருந்தேன்" என்று. உங்களைக் கட்டிக்கொண்டு நான் ஏன் அழுதேன் என்று கேட்டீர்கள். குளிர் என்று சொன்னேன்.

பழத்துக்காக வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். வருத்தம்தான், இப்போதும் கண் கலங்குகிறது. ஆனால் கையை இழுத்துக்கொண்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. தாம்பாளத்தைக் கல்லில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவசரம் இல்லாத ஆள் போலத்தான் தெரிந்தது.

அடுத்த கார்த்திகைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மேற்குப் பக்கம் மூன்றாம் தூணில் ஒரு பிளக் இருக்கிறது. வேலை செய்கிறதா என்றும் அங்கே இருந்தவரிடம் கேட்டுவிட்டேன், செய்கிறதாம். நீங்கள் அதை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் படுங்கள். சத்தம் இல்லாமல் எப்படியாவது தூங்கப் பழகிக்கொள்கிறேன். இன்றிலிருந்து தறி இல்லாத அறையில்தான் படுக்கை. முதல் நாள், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

மோகனா